ஆழ்துளைக்குள் நிலநடுக்கமானி

2007 நவம்பர் 30 அன்று பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கியில் நிலம் அதிர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் நடுக்கம் என்றால் சுமத்ராவிலிருந்து வருவது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். இதுவோ சிலாங்கூர் எல்லையை ஒட்டிய மலையில், பழைய பிளவொன்றின் வேலை. நடுக்கம் சிறியதுதான். ஆனால், சின்ன நடுக்கத்தைச் சரியாக அளப்பதுதான் பெரும்பாடு.

ஏன் என்பது கோலசிலாங்கூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஜெராம், தஞ்சோங் காராங் கரையோரம் மெத்தென்ற களிமண். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தோட்டச் சாலையில் போனாலே தரை அதிரும். அங்கே நிலநடுக்கமானியை வைத்தால் லோரியையும் கடலலையையும்தான் முதலில் பதிவு செய்யும். பாறைக்குள் இறக்கினால் இந்த இரைச்சல் அடங்கும்.

துளை போடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா, ஈயலம்பத்துக்குப் பேர்போன இடம். மலாயாவில் ஈயம் தேடியவர்கள் 'பங்கா' என்ற கைத்துளைக் கருவியை வைத்திருந்தார்கள். குழாயின் தலையில் ஒரு மேடை. அதில் நின்றபடி சிலர் கம்பியால் குத்துவார்கள், கீழே மற்றவர்கள் சுற்றிச்சுற்றி நடந்து குழாயைத் திருகி இறக்குவார்கள். மேலே வந்த மண்ணைத் தட்டில் அலசினால் ஈயமணி தெரியும்.

நிலநடுக்கத்துக்கு அந்த ஆழம் போதாது. தோக்கியோவின் சந்தடியிலிருந்து தப்ப, ஜப்பானியர்கள் 1970களில் இவாத்சுகியில் 3,510 மீட்டர் ஆழத்தில் கருவியை இறக்கினார்கள்.

இந்தியாவின் கதை மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் தொடங்குகிறது. 1962இல் அணையில் நீர் தேங்கத் தொடங்கியதுமே நடுக்கங்களும் தொடங்கின. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் 6.3 ரிக்டர் அளவு நடுக்கம். ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். நடுக்கம் இன்னும் ஓயவில்லை. விஞ்ஞானிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு: எல்லாம் ஏறத்தாழ 20க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள், அதிக ஆழமில்லாமல், திரும்பத் திரும்ப நடக்கின்றன. எங்கே துளைப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இடைஞ்சல் பாறையில் இருந்தது. அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கனத்துக்கு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. ஆகவே அதைத் தாண்டி, அடியில் உள்ள கிரானைட்டில், 1,500 மீட்டர் அளவு ஆழத்தில் சில துளைகளில் நிலநடுக்கமானிகளை இறக்கினார்கள். நடுக்கம் எங்கே பிறந்தது என்ற கணக்கில் முன்பு 800 மீட்டர் வரை பிழை வரும். அது 300 மீட்டராகக் குறைந்தது. கோத்தனே கிராமத்தில் 2017இல் முன்னோட்டத் துளை 3,000 மீட்டரை எட்டியது. இந்த ஆய்வை நடத்தும் ஆய்வுக்கூடம் கராடில் இயங்குகிறது.

எல்லா இடத்திலும் காரியம் இப்படிக் கைகூடிவிடவில்லை. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குள்ளேயே அமெரிக்கர்கள் துளை போட்டு, 2008இல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைப் பொருத்தினார்கள். சில வாரங்களில் அவை செயலிழந்தன. பிறகு வெளியே இழுத்தெடுக்க வேண்டியதாயிற்று.