கோபோல்: நீடித்த நிரல்மொழியின் வரலாறு

கோபோல், வணிகக் கணக்குகளுக்காக அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட கணினி நிரல்மொழி. 1950-களில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. கணினியை மாற்றினால் சம்பளப் பட்டியல் நிரலைக்கூட முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வீண்செலவை ஒழிக்க, 1959 மே மாதம் பாதுகாப்புத் துறையின் சார்ல்ஸ் பிலிப்ஸ் பென்டகனில் ஒரு கூட்டம் கூட்டினார். கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் மொழி புதிய மொழிக்கு அடித்தளமாயிற்று. பணி இழுபட்டபோது, குழுவைச் சேர்ந்த ஹோவர்ட் பிராம்பெர்க் ‘கோபோல்’ என்று பொறித்த கல்லறைக் கல்லை வாங்கிப் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். ஆனால் 1960 டிசம்பரில் ஏறத்தாழ ஒரே நிரல் ஆர்சிஏ, யூனிவாக் என இரு நிறுவனங்களின் கணினிகளிலும் ஓடியது.

அதே 1960-இல் வெளிவந்த அல்கோல் 60 என்ற நிரல்மொழி, இலக்கணச் செம்மையில் கோபோலைவிடப் பல மடங்கு உயர்ந்தது. பாஸ்கலும் சி மொழியும் அதன் வழிவந்தவையே. ஆயினும் தரவை உள்ளிடவும் வெளியிடவும் அதன் வரையறையில் வழி சொல்லப்படவில்லை. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி சேர்த்துக்கொண்டதால் நிரல்கள் இடம்மாற முடியாமல் போயின. ஐபிஎம் நிறுவனமும் ஃபோர்ட்ரான் மொழியின் பக்கமே நின்றது. அறிஞர்கள் போற்றிய மொழி அன்றாடப் பயன்பாட்டிலிருந்து மறைந்தது.

கோபோலுக்கோ பெரிய வாங்குநர் ஒருவர் இருந்தார். கோபோல் ஓடாத கணினிகளை அமெரிக்க அரசு தவிர்க்கத் தொடங்கியதும் உற்பத்தியாளர்கள் வழிக்கு வந்தார்கள். மொழியின் உள்ளமைப்பும் துணைநின்றது. இரும எண்முறையில் 0.10 என்பதைத் துல்லியமாக எழுத முடியாது. கோபோல் பதின்மக் கணக்கையே பின்பற்றுவதால் பைசா பிசகாது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை நம்பியதற்கு இதுவே வலுவான காரணம். எழுதிக் குவித்த நிரல்களுக்குள் வட்டி விதி, வரி விதி, விதிவிலக்கு எல்லாம் புதைந்துவிட்ட பிறகு, மாற்றி எழுதுவது வைத்திருப்பதைவிட ஆபத்தானது.

1975-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இம்மொழியைக் கடுமையாகச் சாடினார். அதன் சொற்பெருக்கைப் பற்றிய குறை நியாயமானதே. ஆனால் ஓடிக்கொண்டிருந்த நிரல்களை அந்தச் சாடல் நிறுத்தவில்லை. ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதிய பழைய நிரல்களைத் திருத்தும் ‘ஒய்2கே’ பணி 1990-களின் இறுதியில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கு வந்தது. நம் இளைஞர்கள் பலருக்கு மென்பொருள் வேலையின் வாசல் கோபோல்தான். 2020 ஏப்ரலில் வேலையின்மை உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வருமாறு கேட்டுக்கொண்டார். இம்மொழியின் புதிய பன்னாட்டுத் தரநிலை 2023-இல் வெளியானது.