எழுத்து விழாத ரூபாயும் முகம் குழிந்த ரூபாயும்

திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், பாட்டி காத்துவந்த இரண்டு வெள்ளி ரூபாய்களை என்னிடம் காட்டினார். அக்காளின் திருமணத்திற்காக அவற்றை விற்க வேண்டியிருந்தது. ஒன்றில் எழுத்து பாதிதான் விழுந்திருந்தது. "இது அச்சுப்பிழை, பெரும் விலை பெறும். மற்றது யாரோ குடைந்து கெடுத்தது, வெள்ளி எடைக்குத்தான் போகும்" என்று உறவினர் ஒருவர் கூறியிருந்தாராம்.

முதல் நாணயத்தில் பாரசீக எழுத்துகளும் ஒரு பிறையும் இருந்தன. பொறிப்பு ஆற்காடு என்று சொன்னாலும், பிறை புதுச்சேரி நாணயச்சாலையின் அடையாளம். ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையை 1736-இல் நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்றனர்; அப்போது கவர்னர் துய்மா. காரைக்கால் அவர்கள் வசமானது 1739-இல்தான்.

எழுத்து ஏன் பாதி? அக்காலத்தில் எடை பார்த்த வெள்ளி வில்லையைக் கீழச்சின் மேல் வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். அச்சின் வட்டம் வில்லையைவிடப் பெரியது. ஆகவே எழுத்து முழுவதும் விழ இடமே இல்லை. எல்லா நாணயத்திலும் இருக்கும் குறையைப் பிழை என்பது எவ்வாறு? எழுத்து நிறைய விழுந்ததற்கே விலை கூடும்! அதன் மேல் இருந்த சிறு குத்துகளும் சராப்புகள் வெள்ளியைச் சோதித்தபோது இட்டவையே.

இரண்டாவது நாணயத்தில் ஒரு புறம் விக்டோரியா பேரரசியின் தலை. மறுபுறமும் அதே தலைதான். ஆனால் குழிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது. ஆண்டு இல்லை, அது பின்புறத்தில் அல்லவா வரவேண்டும்? 'பேரரசி' என்ற பட்டத்தைக் கொண்டு 1877-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது எனலாம். அடித்த நாணயம் வெளியே விழாமல் பின்புற அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. இயந்திரம் நிற்கவில்லை; அடுத்த வில்லை வந்தது. ஒட்டியிருந்த நாணயத்தின் தலையே அதற்கு அச்சாயிற்று. சேகரிப்போர் இதனை 'லக்கி' என்பர்.

இதைப் போலியாகவும் செய்யலாம். இரு நாணயங்களைப் பட்டறை வைசில் வைத்து நெருக்கினால் குழி விழும். ஆனால் மறுபுறத்து முகம் மழுங்கிவிடும். இதிலோ மூக்கும் முடியும் கூர்மையாக இருந்தன. விளிம்பு வரிகளும் கெடவில்லை.

உலோகத்தையும் பார்த்துவிடுவோமே என்று ஆய்வகத் தராசில் வைத்தோம். 1835 முதல் ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. இந்நாணயம் காற்றில் 11.59 கிராம், நீரில் 10.47 கிராம். வேறுபாடு 1.12, எனவே ஒப்படர்த்தி 10.35. அந்தக் கலவைக்குக் கணக்கு தரும் விடை 10.34. வெள்ளி சரிதான். அச்சுப்பிழைக்குச் சாட்சி சொல்வது தராசு அன்று, உருப்பெருக்கியே.

ஆற்காட்டு ரூபாயை முதலில் விற்பது, மற்றதை ஏலத்துக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாயிற்று. மறுநாள் மாணவர் ஓடிவந்தார். விற்கும் பொருள் பளிச்சென்று இருக்கட்டும் என்று பாட்டி புளியை ஊறவைத்துவிட்டாராம். தேய்த்தால் பாதி விலை போய்விடும் என்று சொல்லி, அவரை அடுத்த பஸ்சிலேயே போலகத்துக்குத் திருப்பி அனுப்பினேன்.