கட்டளை வரியில் வேலைநேரக் கணக்கு

கட்டளை வரியில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் பதியும் வழக்கம் இன்று நிரலாளர் பலரிடம் உண்டு. ஆனால் கட்டளை வரி முதலில் அளந்தது மனிதரின் நேரத்தை அன்று, இயந்திரத்தின் நேரத்தை.

தொழிலாளர் வரும் நேரத்தைப் பதியும் கடிகாரம் ஒன்றுக்கு வில்லார்ட் பண்டி என்ற அமெரிக்க நகை வணிகர் 1890இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய கடிகாரங்களைச் செய்த நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றுடன் இணைந்தது. இணைந்த நிறுவனமே 1924இல் ஐபிஎம் எனப் பெயர் மாறியது.

1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், பலர் ஒரே வேளையில் பயன்படுத்தத்தக்க சிடிஎஸ்எஸ் அமைப்பைச் செய்துகாட்டியதும் ஐபிஎம் கணினியில்தான். கணினி நேரம் விலை மிகுந்தது. ரேஷன் அரிசி போல அதை ஆளுக்கு இவ்வளவு என அளந்து கொடுத்தனர். ஆய்வு மாணவர் ஆலன் ஷெர்ருக்குக் கிடைத்தது வாரத்திற்கு 4 மணி நேரம். அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு துளையட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, மறுநாள் அதிகாலை அச்சுப்படியை எடுத்துக்கொண்டார்! பிறர் பங்கு நேரமும் அவருக்குக் கிட்டியது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார்.

பின்வந்த யுனிக்ஸ் இயக்குதளத்தில் 'டைம்' என்ற கட்டளை உண்டு. அது மூன்று எண்களைத் தரும்: கடிகாரப்படி கழிந்த நேரம், நிரல் தானே செயலியைப் பயன்படுத்திய நேரம், நிரலுக்காக இயக்குதளம் உழைத்த நேரம். ஒரு நிரல் 10 நொடி சும்மா காத்திருந்தால் முதல் எண் 10 ஆகும். மற்ற இரண்டும் ஏறத்தாழச் சுழியமே. இருந்த நேரமும் உழைத்த நேரமும் வேறு என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் கருவி வேறில்லை எனலாம்.

கணினி மலிந்தபின் மனித நேரமே அரிதாயிற்று. ஜான் வீக்லி ஈமாக்ஸ் தொகுப்பிக்கு எழுதிய 'டைம்கிளாக்', வேலை தொடங்கினால் 'ஐ', நிறுத்தினால் 'ஓ' என்ற ஆங்கில எழுத்துடன் நாளையும் நேரத்தையும் வெற்று உரைக்கோப்பில் எழுதும். அவருடைய 'லெட்ஜர்' என்ற கணக்கு நிரல் அதே கோப்பைப் படித்து மணிகளைக் கூட்டும். வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய 'ஆர்க் மோட்', பின்னர் வந்த 'டைம்வாரியர்' ஆகியவையும் இவ்வகையின.

இவற்றின் குறை ஒன்றே: நிறுத்த மறந்தால் உறங்கிய இரவும் உழைப்பாகிவிடும். அதனால் பின்னர் திருத்தும் வசதி உண்டு. எழுதியவரே திருத்தக்கூடிய இக்கோப்பை, ஆலை வாயிற் கடிகாரத்தின் அட்டைபோல் முதலாளி சான்றாக ஏற்பது அரிது. மணிக்கணக்கில் கூலி பெறும் தன்னுரிமைப் பணியாளர்களே தங்கள் பட்டியலுக்காக இதைப் பெரிதும் நாடுகின்றனர்.