கோலிக்குண்டு ஓட்டும் ஒரு வாரக் கெடுவும்

 

காம்பியா என்றொரு நாடு. வரைபடத்தில் பார்த்தால் செனகலின் வயிற்றுக்குள் ஓர் ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு கோடு இழுத்த மாதிரி இருக்கும். அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் தகர டிரம் வைத்திருப்பார்கள். வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டு. அதைக் குழாய் வழியாகப் போட்டால் உள்ளே மணி ஒலிக்கும். இரண்டாவது முறை மணி கேட்டால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு.

1994இல் ராணுவப் புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த யாயா ஜாமே 22 ஆண்டுகள் அசையவில்லை. 2016 டிசம்பர் 1ஆம் தேதி இந்தக் கோலிக்குண்டுகள் அவரைத் தோற்கடித்தன. வென்றவர் அடாமா பாரோ. மறுநாள் தோல்வியை ஏற்றுக்கொண்ட ஜாமே, ஒரு வாரம் கழித்து 'முடிவு செல்லாது' என்று பல்டி அடித்தார்.

இந்த இடத்தில்தான் 'எகோவாஸ்' வருகிறது. 1975இல் லாகோஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு. பிறந்தது வணிகத்துக்காக, லைபீரியா உள்நாட்டுப் போர் அதை 1990இல் படை அனுப்ப வைத்தது. முதலில் லைபீரியா, நைஜீரியா, கானா, சியரா லியோன் அதிபர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். ஜாமே மசியவில்லை. 2017 ஜனவரி 19 அன்று டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தின் சிறிய அறையில் பாரோ பதவியேற்றார். அன்றே செனகல் தலைமையிலான படை எல்லையைத் தாண்டியது. காம்பியத் தளபதியே தன் வீரர்கள் சண்டை போட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். 21ஆம் தேதி இரவு ஜாமே விமானம் ஏறினார். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை.

இதை வைத்து எகோவாஸைப் புகழாதவர்கள் இல்லை. நானும் புகழ்ந்தவன்தான்.

பிறகு 2023 ஜூலை 26. நைஜரில் அதிபர் முகமது பசூமை அவருடைய மெய்க்காப்புப் படையே சிறைவைத்தது. நான்கு நாளில் எகோவாஸ் 'ஒரு வாரத்துக்குள் அவரை விடுங்கள், இல்லையென்றால் படையும் வரலாம்' என்று கெடு வைத்தது. எல்லைகள் மூடப்பட்டன. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜர் பயன்படுத்திய மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கஷ்டப்பட்டது தளபதிகளா? மருந்துக்கும் அரிசிக்கும் அலைந்த சாதாரண ஜனங்கள்தான்.

கெடு முடிந்தது. படை போகவில்லை. போகவும் முடியாது. செனகல் சூழ்ந்த காம்பியா வேறு, பாலைவனமாய் விரிந்த நைஜர் வேறு. மாலியும் புர்கினா ஃபாஸோவும் 'நைஜரைத் தொட்டால் எங்கள் மீதும் போர்' என்றன. அந்த இரண்டிலும் ஏற்கெனவே ராணுவ ஆட்சிதான். நைஜீரியாவின் செனட்டும் போருக்கு இசையவில்லை. எல்லைக்கு இருபுறமும் அதே ஹௌசா மொழி, அதே உறவுமுறை. யார் யாரைச் சுடுவது?

என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. காம்பியாவில் மக்கள் அப்போதுதான் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். படை அவர்கள் பக்கம் வந்து நின்றது. நைஜரில் தடைகளே மக்கள் கோபத்தைத் தளபதிகளிடமிருந்து எகோவாஸ் பக்கம் திருப்பிவிட்டன.

மூன்று ராணுவ அரசுகளும் செப்டம்பரில் தனிக் கூட்டணி அமைத்தன. 2024 ஜனவரியில் எகோவாஸை விட்டு விலகுவதாக அறிவித்தன. பதறிப்போன எகோவாஸ் அடுத்த மாதமே நைஜர் மீதான முக்கியத் தடைகளை விலக்கிப் பார்த்தது. பலனில்லை. 2025 ஜனவரி 29 முதல் அந்த மூன்றும் உறுப்பினர்கள் அல்ல. அன்றைக்கும் பசூம் நியாமேயில் அடைபட்டுத்தான் இருந்தார்.