மாரா ஆறும் மந்தைகளின் வரலாறும்

ஆண்டுதோறும் ஆடி மாதம் பிறந்ததும் கிழக்காப்பிரிக்காவின் மாரா ஆற்றங்கரையில் ஒரு பெருங்கூட்டம் வந்து சேர்கிறது. ஆயிரக்கணக்கான விலங்குகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, நீரைக் கண்டதும் நிற்கின்றன. முன்னால் நிற்பவை தயங்குகின்றன. பின்னால் வருபவை நெருக்குகின்றன. அக்கூட்டத்திற்குத் தலைவனும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. சில வேளைகளில் மணிக்கணக்காகக் காத்திருந்து, இறங்காமலே திரும்பிவிடுவதும் உண்டு. ஏதோ ஒரு விலங்கு துணிந்து ஆற்றில் பாய்ந்ததும் கூட்டம் முழுவதும் அதன்பின் பாய்கிறது. நீந்திக் கரையேறுபவை பல. நீரோடு போவன சில.

இக்காட்சியைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். இது தொன்றுதொட்டு மாறாமல் நடந்து வரும் இயற்கைக் கூத்து என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் வரலாறு கூறுவது வேறு. இன்று காணப்படும் பேரளவில் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கத் தொடங்கி அறுபது ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. ஒரு மாட்டு நோய் அம்மந்தைகளை அழித்தது. அந்நோயின் ஒழிவு அவற்றைப் பெருக்கியது. மனிதரின் கைகளே, அறிந்தும் அறியாமலும், இவ்விரண்டிற்கும் காரணமாயின.

பெயரும் பயணமும்

இவ்விலங்கிற்கு வில்டபீஸ்ட் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் இட்ட பெயர் அது. காட்டு மாடு என்பது அதன் பொருள். தலையும் கொம்பும் மாட்டை நினைவூட்டினும், இது இரலை மான் வகையைச் சேர்ந்ததேயாகும். சுவாகிலி மொழியினர் இதனை நியும்பு என்பர். வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 200 கிலோ எடை இருக்கும்.

தான்சானியாவின் வடபகுதியில் செரெங்கெட்டி என்னும் பரந்த புல்வெளி உள்ளது. எல்லையற்ற வெளி என்று பொருள்படும் மாசாய் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். அதன் வடக்கே கென்ய நாட்டின் மாசாய் மாரா காப்புநிலம் தொடர்கிறது. நிலப்படத்தில் இரு நாடுகளாயினும் விலங்குகளுக்கு இது ஒரே வெளிதான்.

இவ்வெளியின் தென்கிழக்கில் மழை குறைவு, வடமேற்கில் மிகுதி. ஆயினும் தெற்கு மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அதில் முளைக்கும் குறும்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் நிறைந்துள்ளன. பாலூட்டும் தாய்விலங்கிற்கு அவை இன்றியமையாதவை. எனவே மழைக்காலத்தில் மந்தைகள் தெற்கே தங்கிக் கன்று ஈனுகின்றன. பிப்ரவரி மாதத்தையொட்டி, சில வார இடைவெளிக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களிலேயே எழுந்து நின்று தாயின் பின்னே ஓடத் தொடங்குகிறது.

மழை ஓய்ந்ததும் தெற்கு வறண்டுவிடுகிறது. எஞ்சிய நீரும் உவர்ப்பேறுகிறது. மே, சூன் மாதங்களில் மந்தைகள் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் நகர்ந்து, பின் வடக்கே திரும்புகின்றன. கோடையில் அப்பகுதி முழுவதிலும் வற்றாது ஓடும் ஆறு மாரா ஒன்றே. கென்யாவின் மாவ் காடுகளில் பிறந்து விக்டோரியா ஏரியில் கலக்கும் ஆறு அது. அதன் இரு கரைகளிலும் உள்ள புல்லைத் தேடி, சூலை முதல் அக்டோபர் வரை மந்தைகள் ஆற்றை ஒருமுறையன்றிப் பலமுறை இங்குமங்குமாகக் கடக்கின்றன. நவம்பரில் தெற்கே மழை தூறியதும் திரும்பிவிடுகின்றன.

வெக்கை நோயின் வரவு

தமிழக உழவர் வெக்கை நோய் என்று அழைத்து அஞ்சிய கொடிய மாட்டு நோய் ஒன்று முன்னாளில் இருந்தது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பன்னெடுங்காலமாக மாடுகளை மாய்த்து வந்த அந்நோய், சகாராவுக்குத் தெற்கே பரவாதிருந்தது. 1887-ஆம் ஆண்டில் செங்கடற்கரையிலுள்ள எரித்திரியாவில் அது தலைகாட்டிற்று. இத்தாலியப் படைக்கென இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய மாடுகளுடன் அது வந்திறங்கிற்று என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்ளும் கருத்து.

பத்தாண்டுகளுக்குள் அந்நோய் கண்டத்தின் தென்முனைவரை பரவிவிட்டது. சென்ற இடமெல்லாம் பத்து மாடுகளில் ஒன்பது வரை மடிந்தன என்பர். மாடே செல்வமும் உணவுமாக வாழ்ந்த மாசாய் மக்களின் நிலை சொல்லுந்தரமன்று. 1892-இல் அவ்வழியே சென்ற ஆஸ்திரியப் பயணி ஆஸ்கார் பவுமன், எலும்பும் தோலுமாய்த் திரிந்த மக்களைக் கண்டு எழுதி வைத்தார். பசியும் அம்மை நோயும் மனிதரை மாய்த்தன. காட்டெருமைகளும் வில்டபீஸ்ட் மந்தைகளும் அதே வெக்கையால் மடிந்தன.

பின்னர் வந்த ஐரோப்பிய வேட்டைக்காரரும் ஆட்சியாளரும் கண்டது இந்த வெறுமைக்குப் பிந்திய நிலத்தையே. மனிதர் அருகியும் மந்தைகள் குறைந்தும் கிடந்த அவ்வெளியை, மனிதன் கால்படாத ஆதி நிலம் என்று அவர்கள் கருதிக்கொண்டனர். அக்கருத்து பிற்காலத்தில் பெருந்துன்பத்திற்கு வித்தாயிற்று.

வானூர்தியில் எண்ணிய தந்தையும் மகனும்

1951-ஆம் ஆண்டில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாக அமைந்தது. அதனுள் மாசாய் மக்களும் மாடுகளுடன் வாழ்ந்து வந்தனர். மக்களுக்கும் விலங்குக் காப்புக்கும் இடையே எழுந்த பூசலைத் தீர்க்க, பூங்காவின் எல்லையைத் திருத்தி அமைக்க ஆங்கிலேய ஆட்சி முனைந்தது. அப்போது எழுந்த கேள்வி, மந்தைகள் உண்மையில் எங்கிருந்து எங்கே செல்கின்றன என்பது. அதற்குத் திட்டமான விடை கூறுவார் அன்று ஒருவரும் இல்லை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையின் தலைவர் பெர்னார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் அவ்விடையைத் தேடிப் புறப்பட்டனர். வரிக்குதிரைபோலக் கோடு தீட்டிய சிறு வானூர்தியில் பறந்து, 1958-இல் விலங்குகளை எண்ணினர். அவர்கள் கணக்கில் வந்த வில்டபீஸ்ட் 99,481. வகுக்கப்படவிருந்த புதிய எல்லைகள் மந்தைகளின் வழித்தடத்தோடு பொருந்தவில்லை என்றும் அவர்கள் கண்டனர்.

1959 சனவரியில் மைக்கேல் ஓட்டிய வானூர்தியில் கழுகு ஒன்று மோதியது. வானூர்தி வீழ்ந்து அவர் உயிரிழந்தார். அவர் உடல் இங்கோரோங்கோரோ எரிமலை வாயின் விளிம்பில் அடக்கம் செய்யப்பட்டது. தந்தையும் மகனும் எடுத்த திரைப்படம் 1960-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. செரெங்கெட்டியின் பெயரை உலகறியச் செய்தது அப்படமே எனலாம்.

அதே 1959-இல் எல்லை மாற்றம் நடந்தேறியது. இங்கோரோங்கோரோ மேட்டுநிலம் பூங்காவிலிருந்து பிரிக்கப்பட்டது. வடக்கே மாரா நோக்கிய நிலம் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் மாசாய் மூப்பர் சிலர் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தனர். அதன்படி அம்மக்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற நேர்ந்தது. விலங்குகளோடு விலங்காக வைத்து எண்ணப்படாத அவர்கள் மாடுகளே அம்மந்தைகளின் வாழ்வைத் தீர்மானித்தன என்பது பிறகே விளங்கிற்று.

மாட்டுக்கு ஊசி, மானுக்கு வாழ்வு

வெக்கை நோய் காட்டு விலங்குகளில் குடியிருந்து வீட்டு மாடுகளுக்குத் தொற்றுகிறது என்பதே நெடுநாள் நம்பிக்கை. அந்நம்பிக்கையால் காட்டு விலங்குகளைச் சுட்டு வீழ்த்திய இடங்களும் உண்டு. செரெங்கெட்டியிலோ ஆண்டுதோறும் வில்டபீஸ்ட் இளங்கன்றுகள் அந்நோயால் மடிந்துகொண்டிருந்தன.

1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. காட்டு விலங்குகளுக்கு எவரும் ஊசி போடவில்லை. ஆயினும் மாட்டில் நோய் அற்றதும் மானிலும் அற்றது. 1963-க்குப் பின் பிறந்த வில்டபீஸ்ட்களின் குருதியில் அந்நோயின் தடமே காணப்படவில்லை. நோயின் உறைவிடம் மாடுகளே என்பதும், காட்டு விலங்குகள் அவற்றிடமிருந்தே நோயைப் பெற்றன என்பதும் ஐயமற விளங்கின.

விளைவு வியக்கத்தக்கது. 1961-இல் இரண்டரை இலட்சம் அளவில் மதிப்பிடப்பட்ட மந்தை, 1977-இல் 13 இலட்சத்தை எட்டியது. மந்தை பெருகவே புல் பெரிதும் மேயப்பட்டது. காய்ந்த புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் இளமரங்கள் தழைத்தன. ஊசி முனையளவு மருந்து ஒரு நாட்டின் நிலத்தோற்றத்தையே மாற்றியது.

பெருகிய மந்தைக்குத் தெற்கு நிலம் போதவில்லை. 1960-களின் பிற்பகுதி வரை கென்ய எல்லையைத் தாண்டி மாரா வெளிக்குச் சென்ற செரெங்கெட்டி விலங்குகள் சிலவே. 1970-களிலோ கோடைதோறும் இலட்சக்கணக்கில் அவை வடக்கே ஏறிவந்தன. இன்று உலகம் வியக்கும் ஆறு கடக்கும் காட்சி பேருருவம் கொண்டது அப்போதுதான். 1977-இல் அரசியல் பிணக்கால் தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. மனிதர் கடக்க முடியாத அவ்வெல்லையை மந்தைகள் அவ்வாண்டும் கடந்து சென்றன.

கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வெக்கைக்குச் சிறந்த தடுப்பு மருந்தை ஆக்கிய வால்ட்டர் பிளவ்ரைட், 1999-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2011-ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை; மற்றொன்று இவ்வெக்கை.

ஆற்றில் மாண்டவை

ஆற்றைக் கடக்கையில் முதலைகள் விலங்குகளைப் பற்றுவதே படங்களில் மிகுதியாகக் காட்டப்படுகிறது. ஆனால் மாள்பவற்றுள் பெரும்பாலானவை முதலையால் மாள்பவை அல்ல. வெள்ளம் பெருகிய நாளில் இறங்குவதாலும், ஏற முடியாத செங்குத்துக் கரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிப்பதாலும் அவை மூழ்குகின்றன. 2007-இல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 10,000 விலங்குகள் மூழ்கின.

அமாண்டா சபலஸ்கி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2001 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரி 6,250 விலங்குகள் மாரா ஆற்றில் மூழ்கின; அவற்றின் எடை 1,100 டன் ஆகும். மந்தைத் தொகையில் அது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு என்பது அவர்கள் கணிப்பு. முதலைகள் உண்பது அவ்வுடல்களில் மிகச் சிறு பங்கே. பிணந்தின்னிக் கழுகுகளும் மராபு நாரைகளும் ஒரு பங்கைக் கொள்கின்றன. மீன்கள் வாரக்கணக்கில் அதனையே முதன்மை உணவாக உண்கின்றன. தசை அழிந்த பின்னும் எலும்புகள் ஏழாண்டு வரை நீரில் கரைந்து எரியச் சத்தை வழங்குகின்றன. தெற்கு மண்ணின் சத்து, புல்லாகி, விலங்காகி, வடக்கு ஆற்றில் மீனாக மாறுகிறது.

அடைபடும் வழிகள்

ஆற்றைக் கடக்கவல்ல மந்தையால் வேலியைக் கடக்க இயலாது. போட்சுவானா நாட்டில் மாட்டு நோயைத் தடுக்க இட்ட நெடுவேலிகள், 1980-களின் வறட்சியில் நீர்தேடி வந்த வில்டபீஸ்ட்களை மறித்தன. பல்லாயிரம் விலங்குகள் மாண்டன. கென்யாவிலேயே நைரோபி நகருக்குத் தெற்கேயுள்ள ஆதி-கப்பிட்டி வெளியில் மற்றொரு மந்தை ஆண்டுதோறும் இடம்பெயர்ந்து வந்தது. வேலிகளும் வீடுகளும் பெருகவே அம்மந்தையும் அதன் பயணமும் தேய்ந்துபோயின.

செரெங்கெட்டிக்கும் அத்தகைய ஆபத்து நெருங்கி வந்ததுண்டு. 2010-இல் பூங்காவின் வடபகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை அமைக்கத் தான்சானிய அரசு திட்டமிட்டது. ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களுக்குச் சாலை வேண்டும் என்பதும் நியாயமே. எனினும் சாலை முதலில் மந்தையைப் பிரிக்கும். பின்னர் வேலியைக் கொணரும் என்று அறிஞர் எச்சரித்தனர். திட்டமிட்ட வடிவில் அச்சாலை சட்டத்திற்கு ஒவ்வாது என்று கிழக்காப்பிரிக்க நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

மாவ் காடுகள் அழிக்கப்படுவதால் மாரா ஆற்றின் நீரும் நிலைகுலைகிறது. ஆறு வற்றினால் மந்தைக்குக் கோடைப் புகலிடம் இல்லை. மந்தையின் தொகையும் மறு ஆய்வுக்கு உரியதாகியுள்ளது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எண்ணி 2025-இல் வெளியான ஆய்வொன்று, அத்தொகை ஆறு இலட்சத்திற்கும் குறைவே என்கிறது. பல்லாண்டுகளாகக் கூறிவந்த 13 இலட்சத்தில் இது பாதிக்கும் குறைவு. முறைகள் வேறாதலால் மந்தை அருகியதென்று இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பது ஆய்வாளர் கருத்து. ஆயினும் மீண்டும் எண்ண வேண்டிய கடமை எழுந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொலைவிலிருந்து வந்த ஒரு கப்பல் மாடுகள் இம்மந்தைகளைச் சாய்த்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அயலிலிருந்த மாசாய் மாடுகளுக்கு இட்ட ஊசி அவற்றை எழுப்பியது. மாரா கரையில் நின்று தயங்கும் விலங்கு இவற்றுள் எதனையும் அறியாது. அது அறிந்ததெல்லாம் அக்கரையில் புல் உண்டு என்பது ஒன்றே. அக்கரைக்கு வழி இருப்பதும், அவ்வாற்றில் நீர் இருப்பதும் மனிதர் கையில் உள்ளன.