பிராம் மோலெனார்

பிராம் மோலெனார் (1961 – ஆகஸ்ட் 3, 2023) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த மென்பொருள் உருவாக்குனர் ஆவார். விம் எனப்படும் உரைத் தொகுப்பியை உருவாக்கியவர் இவரே. 1991 ஆம் ஆண்டில் அதன் முதற் பொது வெளியீடு தொடங்கித் தமது இறப்பு வரை ஏறத்தாழ 32 ஆண்டுகள் அதனைப் பராமரித்து வந்தார். விம் தொகுப்பியை இலவசமாக வழங்கிய இவர், அதனால் பயன் பெறுவோர் உகாண்டா நாட்டின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு தனி மனிதரின் அன்றாட உழைப்பில் நெடுங்காலம் தங்கியிருந்த திறமூல மென்பொருளுக்கு விம் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

மோலெனார் 1961 இல் நெதர்லாந்தின் லிசே என்னும் ஊரில் பிறந்தார். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்று 1985 இல் பட்டம் பெற்றார். பின்னர் ஒளிநகல் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். மென்பொருளே முதன்மைத் தொழிலாக அமைந்த பின்னரும் மின்னணுச் சுற்றுகளில் அவருக்கு இருந்த ஆர்வம் குறையவில்லை. பற்றவைப்புக் கோலைக் கையாளத் தாம் இன்னமும் மறக்கவில்லை என்று தம்மைப் பற்றிய குறிப்பொன்றில் அவர் எழுதியுள்ளார். அக்காலத்தில் கட்டமைப்பு வல்லுநராகத் தனித்துப் பணியாற்றி வந்தார். ஆனால் தமது நேரத்தின் பெரும்பகுதி விம் தொகுப்பிக்கே செல்வதாகவும் அதே குறிப்பில் தெரிவித்திருந்தார்.

2006 ஜூலை முதல் 2021 வரை கூகிள் நிறுவனத்தின் சூரிச் அலுவலகத்தில் பணிபுரிந்தார். பணிநேரத்தின் ஒரு பகுதியை விம் தொகுப்பிக்காகச் செலவிட அந்நிறுவனம் அவருக்கு இடமளித்தது. 2008 இல் நெதர்லாந்து யுனிக்ஸ் பயனர் குழு திறமூல மென்பொருளுக்கான அவரது பங்களிப்பைப் பாராட்டி விருது வழங்கியது.

விம் தொகுப்பியின் தோற்றம்

1976 இல் பில் ஜாய் என்பவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வி.ஐ. என்னும் தொகுப்பியை எழுதினார். யுனிக்ஸ் இயங்குதளத்தில் பணியாற்றியோரிடையே இது பரவலாகப் புழங்கியது. 1980களின் இறுதியில் மோலெனார் அமிகா வகைக் கணினி ஒன்றை வாங்கினார். வி.ஐ. தொகுப்பிக்குப் பழகியிருந்த அவருக்கு அமிகாவில் அதற்கு இணையான நல்லதொரு தொகுப்பி கிடைக்கவில்லை. அடாரி எஸ்.டி. கணினிக்காக டிம் தாம்சன் 1987 இல் எழுதிய ஸ்டீவி என்னும் போலித் தொகுப்பியின் மூலநிரல் அப்போது எவரும் எடுத்துக்கொள்ளும் வகையில் கிடைத்தது. அதன் ஒரு படியை அடிப்படையாகக் கொண்டு 1988 இல் மோலெனார் தமது பணியைத் தொடங்கினார். தமது சொந்தத் தேவைக்காகவே அவர் இதனை முதலில் செய்தார்.

1991 நவம்பரில் விம் 1.14 ஆம் பதிப்பு முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. இணையம் பரவாத அக்காலத்தில் பிரெட் ஃபிஷ் என்னும் அமெரிக்க நிரலாளர் அமிகாவுக்கான இலவச மென்பொருள்களைத் திரட்டி நெகிழ்வட்டுகளில் வெளியிட்டு வந்தார். பயனர்கள் அவ்வட்டுகளைப் படியெடுத்துத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். அவ்வரிசையின் 591 ஆவது வட்டில் விம் இடம்பெற்றது. 1992 இல் அது யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றப்பட்டது. வி.ஐ. தொகுப்பியின் போலி என்ற பொருளில் இடப்பட்டிருந்த அதன் பெயர், மேம்படுத்தப்பட்ட வி.ஐ. என்ற பொருளுக்கு மாறியதும் அக்காலத்திலேயே ஆகும். இரண்டு பெயர்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கம் என்பதால் விம் என்ற வழக்கு மாறவில்லை.

செயற்படும் முறை

விம், வி.ஐ. தொகுப்பியைப் போலவே பல நிலைகளில் இயங்குகிறது. உள்ளீட்டு நிலையில் அழுத்தப்படும் விசைகள் எழுத்துகளாகப் பதிவாகின்றன. இயல்பு நிலையில் அதே விசைகள் கட்டளைகளாகச் செயற்படுகின்றன. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகள் சுட்டியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்துகின்றன. பில் ஜாய் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தின் விசைப்பலகையில் அம்புக்குறிகள் இந்நான்கு விசைகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தமை இதற்குக் காரணம் ஆகும்.

இக்கட்டளைகள் ஒரு சிறு மொழியைப் போல ஒன்றோடொன்று இணையக் கூடியவை. டி என்னும் விசை நீக்குதலைக் குறிக்கிறது. டபிள்யூ என்னும் விசை ஒரு சொல் அளவு நகர்தலைக் குறிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் ஒரு சொல் நீங்கும். இடையில் 3 என்ற எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் நீங்கும். சில செயல்களையும் சில நகர்வுகளையும் கற்றுக்கொண்டவர் அவற்றின் பெருக்கத்தால் நூற்றுக்கணக்கான கட்டளைகளைப் பெறுகிறார்.

புதியவர்களுக்கு இம்முறை கடினமானது. விம் தொகுப்பியிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வி நிரலாளர்களிடையே நெடுநாளைய நகைச்சுவையாக இருந்து வருகிறது. இக்கேள்விக்கான விடையைத் தேடித் தமது தளத்துக்கு வந்தோரின் எண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடந்ததாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2017 இல் அறிவித்தது.

முக்கிய பதிப்புகள்

* 3.0 (1994) - ஒரே நேரத்தில் பல சாளரங்கள்
* 4.0 (1996) - வரைகலை இடைமுகம்
* 5.0 (1998) - நிரலின் உறுப்புகளை நிறங்களால் வேறுபடுத்திக் காட்டுதல்
* 6.0 (2001) - உரையை மடித்து வைத்தல், நீட்சிகள், யூனிகோடு ஆதரவு
* 7.0 (2006) - எழுத்துப்பிழை திருத்தி, தத்தல்கள், கிளைவிடும் மீள்செயல்
* 8.0 (2016) - பின்னணியில் இயங்கும் பணிகள், நேரக் கணிப்பிகள்
* 9.0 (2022) - விம்9 நிரல்மொழி

அன்றாடப் பணிமுறை

விம் திட்டத்தில் பலர் பங்களித்துள்ளனர். எனினும் அடிப்படை நிரலை எழுதுவதும், பிறர் அனுப்பும் நிரல்களில் எவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதும் மோலெனாரின் பொறுப்பாகவே இருந்தன. வழு அறிக்கைகளையும் வேண்டுகோள்களையும் அவர் அன்றாடம் படித்து விடையளித்தார். ஒவ்வொரு மாற்றமும் வரிசை எண் இடப்பட்ட சிறு திருத்தமாக வெளியிடப்பட்டது. 8.2 ஆம் பதிப்புக்கும் 9.0 ஆம் பதிப்புக்கும் இடைப்பட்ட சுமார் இரண்டரை ஆண்டுகளில் மட்டும் 5000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் வெளிவந்தன.

செய்யவேண்டியவற்றின் நீண்ட பட்டியல் ஒன்றை அவர் பராமரித்து வந்தார். இப்பட்டியல் மறைத்து வைக்கப்படாமல் விம் தொகுப்பியுடனேயே ஒரு கோப்பாக வழங்கப்பட்டது. அறியப்பட்ட வழுக்களும் நிறைவேறாத விருப்பங்களும் அதில் ஒருங்கே இடம்பெற்றன. விரிவான உதவி ஆவணங்களை எழுதுவதிலும் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். பயனர் கையேட்டின் பெரும்பகுதி அவர் எழுதியதாகும். ஸ்டீவ் ஊலைன் என்பவரின் நூலிலிருந்து சில பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன.

திட்டத்தின் மூலநிரல் 2010 முதல் கூகிள் கோடு தளத்திலும், 2015 முதல் கிட்ஹப் தளத்திலும் பேணப்பட்டது.

ஏழு பழக்கங்கள்

திறம்பட உரை தொகுப்பதற்கான ஏழு பழக்கங்கள் என்ற கட்டுரையை மோலெனார் 2000 ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் இதே பொருளில் உரைகளும் நிகழ்த்தினார். விரைவாக நகர்தல், ஒன்றை இருமுறை தட்டச்சிடாதிருத்தல், பிழைகளை உடனே திருத்துதல், பல கோப்புகளை ஒருங்கே கையாளுதல், பிற கருவிகளுடன் இணைந்து செயற்படுதல், உரையின் அமைப்பைப் பயன்படுத்துதல், கற்றதைப் பழக்கமாக்குதல் ஆகியவை அவர் கூறும் ஏழு பழக்கங்கள் ஆகும்.

இவற்றின் அடிப்படை மூன்று படிகளில் அமைந்தது. முதலாவதாக, எச்செயல் நேரத்தை வீணாக்குகிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்கு விரைவான வழியைத் தேட வேண்டும். மூன்றாவதாக, அவ்வழி கைக்குப் பழகும் வரை பயன்படுத்த வேண்டும். எல்லாக் கட்டளைகளையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வது பயனற்றது என்பதும், எதையும் கற்காதிருப்பதும் அதே அளவு தவறு என்பதும் அவரது கருத்தாகும். இக்கட்டுரை விம் தொகுப்பியை மட்டுமன்றிப் பொதுவாக எல்லாத் தொகுப்பிகளையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது.

உகாண்டாவும் அறக்கொடை மென்பொருளும்

1994 ஆம் ஆண்டில் மோலெனார் உகாண்டாவின் தென்பகுதியில் தன்சானியா எல்லைக்கு அருகில் உள்ள கிபாலே என்னும் சிற்றூரில் ஓராண்டு தன்னார்வலராகப் பணியாற்றினார். அங்குள்ள சிறுவர் நிலையத்தை விரிவாக்கும் பணியிலும், குடிநீர், துப்புரவு தொடர்பான வேலைகளிலும் ஈடுபட்டார். கிபாலே அமைந்திருந்த ராக்காய் மாவட்டம் எயிட்ஸ் நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதி ஆகும். விம் தொகுப்பியின் உதவி ஆவணம் தரும் கணக்கின்படி, 3,50,000 மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 60,000 சிறுவர்கள் பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்திருந்தனர். அங்கு உணவுக்குப் பெரும் பஞ்சம் இல்லை என்றாலும், பெற்றோரை இழந்த சிறுவர்களுக்குக் கல்வியும் மருத்துவமும் எட்டாதனவாக இருந்தன.

நாடு திரும்பிய பின்னர் ஐ.சி.சி.எஃப். ஹாலந்து என்னும் அறக்கட்டளையை நிறுவி, அதன் பொருளாளராகவும் இருந்தார். சிறுவர்களின் கல்விச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்கும் திட்டத்தை அவ்வமைப்பு நடத்தியது. அவர் பின்னரும் கிபாலேக்குச் சென்று பணிகளைப் பார்வையிட்டு வந்தார்.

விம் தொகுப்பியின் உரிமம் இப்பணியுடன் பிணைக்கப்பட்டது. இத்தகைய மென்பொருளை அறக்கொடை மென்பொருள் எனலாம். எவரும் அதனை இலவசமாகப் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம். பணம் செலுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயன் பெற்றவர்கள் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கோப்பு எதனையும் குறிப்பிடாது விம் தொகுப்பியைத் திறந்தால் தோன்றும் வரவேற்புத் திரையிலேயே இவ்வேண்டுகோள் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் பலர் உகாண்டா என்ற பெயரைத் தமது கணினித் திரையில் நாள்தோறும் கண்டது இதன் மூலமே ஆகும். நன்கொடை அளித்தோருக்குப் புதிய வசதிகளில் எவை முதலில் வேண்டும் என்று வாக்களிக்கும் வாய்ப்பும் வழங்கப்பட்டது.

பிற தொழில்நுட்ப ஆர்வங்கள்

மோலெனாரின் ஆர்வம் விம் தொகுப்பியுடன் நின்றுவிடவில்லை.

* ஏ-ஏ-பி: மென்பொருள்களைத் தொகுக்கவும் நிறுவவும் உதவும் கருவி ஆகும். யுனிக்ஸின் மேக் என்னும் பழைய கருவிக்கு மாற்றாக இது திட்டமிடப்பட்டது. நெதர்லாந்தின் என்.எல்.நெட் அறக்கட்டளை இதற்கு நிதியுதவி செய்தது. மேக் கருவியின் இடத்தை இதனால் பிடிக்க இயலவில்லை.
* சிம்பு: மோலெனார் வடிவமைத்த நிரல்மொழி ஆகும். படிப்பதற்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பது இதன் முதன்மை நோக்கம். இது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.
* விம்9 நிரல்மொழி: விம் தொகுப்பியை விரிவாக்கப் பயன்படும் பழைய மொழி மெதுவாக இயங்கியது. செயற்கூறுகளை முன்கூட்டியே தொகுத்து இயக்கும் புதிய வடிவத்தை மோலெனார் உருவாக்கினார். இதனால் 10 முதல் 100 மடங்கு வரை வேகம் கூடும் என்று ஆவணங்கள் கூறுகின்றன. இதுவே அவரது இறுதிப் பெரும் பணி ஆகும்.

விமர்சனமும் நியோவிம் பிரிவும்

ஒருவரே இறுதி முடிவெடுக்கும் முறை திட்டத்துக்கு ஒருமைப்பாட்டைத் தந்தது. அதே வேளை, மாற்றங்கள் மெதுவாகவே ஏற்கப்படுகின்றன என்ற குறையும் கூறப்பட்டது. பின்னணிப் பணிகளுக்கு வழிசெய்யும் மாற்றம் ஒன்று ஏற்கப்படாததைத் தொடர்ந்து, தியாகோ தெ அருதா என்பவர் 2014 இல் மூலநிரலைப் பிரித்து நியோவிம் என்னும் தனித் திட்டத்தைத் தொடங்கினார். 2016 இல் வெளியான விம் 8.0 பின்னணிப் பணிகளுக்கான வசதியைக் கொண்டிருந்தது. போட்டி இரு திட்டங்களுக்கும் ஊக்கமளித்தது என்று கருதுவோர் உள்ளனர். விம் தொகுப்பியில் செய்யப்படும் திருத்தங்கள் பலவற்றை நியோவிம் திட்டத்தினர் தொடர்ந்து தமது நிரலிலும் சேர்த்து வந்துள்ளனர்.

தமிழும் விம்மும்

6.0 ஆம் பதிப்பில் யூனிகோடு ஆதரவு வந்த பின்னர் விம் தொகுப்பியில் தமிழ்க் கோப்புகளைக் கையாள்வது இயல்வதாயிற்று. தஸ்கி குறியாக்கத்தில் தமிழ் உள்ளிடுவதற்கான விசைவரைபடக் கோப்பு ஒன்றும் விம் தொகுப்பியுடன் சேர்த்து வழங்கப்பட்டுள்ளது. யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழில் பெரிதும் பயன்பட்ட குறியாக்கங்களுள் தஸ்கியும் ஒன்றாகும்.

மறைவும் அதன் பின்னரும்

மோலெனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று தமது 62 ஆவது வயதில் காலமானார். சில வாரங்களில் விரைந்து முற்றிய உடல்நலக் குறைவே காரணம் என்று அவரது குடும்பத்தினர் அறிவித்தனர். விம் பயனர்களின் மின்னஞ்சற் குழுவிலேயே இச்செய்தி முதலில் வெளியானது.

இந்த இழப்பு திறமூல உலகில் ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் கிடைக்கும் ஒரு கருவி, ஒரு தனி மனிதரின் முடிவுகளையே சார்ந்திருந்தது. தளங்களின் கடவுச்சொற்கள், வெளியீட்டு உரிமைகள், எந்த மாற்றத்தை ஏன் மறுத்தோம் என்ற நினைவு ஆகியவை இத்தகைய திட்டங்களில் ஒருவரிடமே தங்கிவிடுவது உண்டு. விம் திட்டத்தில் நீண்டகாலம் பங்களித்து வந்த கிரிஸ்டியன் பிராபண்ட் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டமையால் பணி தடைப்படவில்லை. 2024 ஜனவரி 2 அன்று வெளியான விம் 9.1 ஆம் பதிப்பு மோலெனாரின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* உரைத் தொகுப்பி
* திறமூல மென்பொருள்
* பில் ஜாய்
* நியோவிம்
* ஈமாக்ஸ்