வண்டி மை முதல் பிஎஸ்-6 டீசல் வரை: வழவழப்பை அளந்த கதை

மெக்கானிக்கல் லேப் பக்கம் போன பி.இ.காரர்கள் யாரும் ரெட்வுட் விஸ்காமீட்டரை மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெயைச் சூடாக்கி, அடித்துளையை அடைத்திருக்கும் குண்டைத் தூக்கிவிட்டு, 50 மில்லி வடிய எத்தனை செகண்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பொவர்டன் ரெட்வுட் 1886-ல் வெளியிட்ட முறை இது. எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடும். ஆனால் நல்ல மசகா என்று சொல்லுமா?

பாதி சொல்லும். 1883-ல் பீச்சம் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, பேரிங்கின் மேல் துளையில் அடித்த மரக்கட்டையை எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. கேஜ் வைத்துப் பார்த்தால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. ஏற்றிய பாரமோ சராசரியாக 100 பவுண்டுதான்! அதாவது, சுழலும் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அச்சு மிதக்கும்வரை கெட்டித்தன்மைதான் முக்கியம்.

சரி, வேகம் குறைவாக இருந்தால்? படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். மாட்டு வண்டி அச்சின் நிலைமை பெரும்பாலும் இதுதான். நம்மூரில் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை போட்டார்கள். அதே கெட்டியுள்ள மினரல் ஆயிலைவிட இந்த மாதிரி தாவர எண்ணெய்களில் உராய்வு குறைவு. ரெட்வுட் செகண்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதை அளக்க இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வேயில் இருந்த டீலி ஒரு கருவி செய்தார். எண்ணெய் தடவிய தட்டின் மேல் மூன்று சிறு கால்கள் நிற்கும். மெதுவாக நகர்த்தி, உராய்வை ஸ்பிரிங் மூலம் அளப்பார்கள். 1922-ல் வில்லியம் ஹார்டி இதற்குக் காரணம் சொன்னார்: கொழுப்பு அமில மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு கவசம் போல நிற்கின்றன. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்தான். 1933-ல் நான்கு குண்டு சோதனைக் கருவியும் வந்தது. மூன்று குண்டுகளின் மேல் நான்காவதைச் சுழற்றி, தேய்ந்த தழும்பை அளக்கலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் டீசலிலிருந்து கந்தகத்தை எடுத்தார்கள். கூடவே இயற்கையான வழவழப்பும் போய், இன்ஜெக்‌ஷன் பம்புகள் தேய்ந்தன. அதன்பின் வந்த எச்.எஃப்.ஆர்.ஆர். சோதனையில், 60 டிகிரி டீசலுக்குள் 6 மி.மீ. குண்டு ஒன்று தட்டின் மேல் நொடிக்கு 50 முறை, 75 நிமிடம் உரசுகிறது. பிஎஸ்-6 விதிப்படி தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது.

பெசன்ட் நகரில் நாம் போடும் டீசலுக்கும் இதே வரம்புதான். கந்தகம் போன டீசல் இதில் பாஸாக, கொழுப்பு அமிலமோ அதன் எஸ்டரோ துளி அளவு சேர்ப்பது வழக்கம். வண்டி மையில் இருந்த சரக்கின் ஒன்றுவிட்ட தம்பி!